வராத நோயாளியைத் தேடிப்போன மருத்துவர்

பழனிக்கும் தாராபுரத்துக்கும் இடையே பரந்து கிடக்கிறது திண்டுக்கல் மாவட்டத்தின் தொப்பம்பட்டி ஒன்றியம். பெரும்பாலும் வானம் பார்த்த பூமி. சோளமும் மக்காச்சோளமும் முருங்கையும் கறவை மாடுகளுமே பல குடும்பங்களுக்குப் பிழைப்பு. இப்பகுதியில் அறுபத்தைந்து வயதைக் கடந்த ஒரு விவசாயிக்கு இரண்டு கண்களிலும் புரை விழுந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். அறுவை சிகிச்சை முற்றிலும் இலவசம் என்று ஒலிபெருக்கியில் அறிவித்தாலும் அவர் உடனே கிளம்பிவிட மாட்டார். அவருக்கென்று ஒரு கணக்கு இருக்கிறது.

நகரத்துக்குப் போய்வரப் பேருந்துக் கட்டணம் வேண்டும். கண் தெரியாதவர் தனியாகப் போக இயலாது. துணைக்கு மகனோ மருமகளோ வர வேண்டும். அவர்களுடைய அன்றைய கூலி போய்விடும். தங்கும் நாள்களில் சாப்பாட்டுச் செலவு உண்டு. வீட்டில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டவும் பால் கறக்கவும் ஆள் வேண்டும். இவை அனைத்துக்கும் மேலாக, கத்தி வைத்தால் இருக்கிற பார்வையும் போய்விடுமோ என்ற அச்சம். ஆக, விலை சுழியம் என்று அறிவிக்கப்பட்ட ஒரு சேவையின் உண்மையான செலவு, ஓர் ஏழைக் குடும்பத்தின் ஒரு மாத மிச்சத்தை விழுங்கிவிடக்கூடும். இப்படித்தான் இலவசமாகக் கிடைக்கும் ஒன்றை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அவர் இருட்டிலேயே இருந்துவிடுகிறார்.

இந்தக் கணக்கைப் புரிந்துகொண்டு, அதைச் சுற்றியே ஒரு மருத்துவமனையின் நிர்வாகம் முழுவதையும் அமைத்தவர் மருத்துவர் கோவிந்தப்ப வெங்கடசாமி. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் நிறுவனர். அவரை மகானாகவும் சேவைச் செம்மலாகவும் போற்றும் எழுத்துகள் நிறைய உண்டு. அந்தப் போற்றுதல் தகுந்ததே. ஆனால், ஒரு மருத்துவத் தொழிலை எப்படி நடத்துவது என்பதற்கு அவர் விட்டுச்சென்ற பாடம், அந்தப் போற்றுதலின் அடியில் புதைந்துபோகிறது. சிறு நகரங்களில் கடன் வாங்கி மருத்துவமனை தொடங்கும் இளம் மருத்துவர்களுக்கு நோயாளிகளை ஈர்க்கும் உத்திகளைக் கற்றுத்தர இன்று ஆலோசகர்கள் வரிசையில் நிற்கிறார்கள். இந்தச் சூழலில் அந்தப் பாடத்தைத் தூசி தட்டிப் பார்ப்பது அவசியம்.

மணலில் தொடங்கிய கல்வி

வெங்கடசாமி 1918 அக்டோபர் 1 அன்று எட்டயபுரத்தை அடுத்த அயன் வடமலாபுரத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். உடன்பிறந்தார் ஐவரில் மூத்தவர். ஊர்ப் பள்ளியில் தாளும் பலகையும் கிடையாது. பிள்ளைகள் மணலைப் பரப்பி அதில் விரலால் எழுதிப் படித்தார்கள். அங்கிருந்து மதுரை அமெரிக்கன் கல்லூரிக்கு வந்து 1938இல் வேதியியலில் பட்டம் பெற்றார். பின்னர் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1944இல் மருத்துவப் படிப்பை முடித்தார்.

மருத்துவராக வேண்டும் என்ற எண்ணத்தின் வேர் வீட்டிலேயே இருந்தது. நெருங்கிய உறவுப் பெண்கள் மூவர் பிரசவத்தின்போது உயிரிழந்தனர். தாயையும் சேயையும் காக்கும் மகப்பேறு மருத்துவராக வேண்டும் என்பதே இளைஞர் வெங்கடசாமியின் விருப்பம். படிப்பு முடிந்ததும் இராணுவ மருத்துவப் பிரிவில் சேர்ந்தார். அங்கே கடுமையான முடக்குவாதம் அவரைத் தாக்கியது. 1948இல் இராணுவப் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டார். ஓராண்டுக்கும் மேல் படுக்கையில் கிடந்தார். கைவிரல்கள் நிரந்தரமாகக் கோணிப்போயின. பேனாவைப் பிடிப்பதே பெரும்பாடாயிற்று. மகப்பேறு மருத்துவக் கனவு அத்துடன் முடிந்தது.

வேறொருவராக இருந்தால் அறுவை சிகிச்சையை மறந்துவிட்டு, மருந்துச் சீட்டு எழுதும் மருத்துவராகக் காலத்தைக் கழித்திருப்பார். வெங்கடசாமி கண் மருத்துவத்தைத் தேர்ந்தெடுத்தார். 1951இல் கண் மருத்துவப் பட்டயமும், 1954இல் அதே துறையில் முதுநிலைப் பட்டமும் பெற்றார். கோணிய விரல்களுக்குப் பொருந்தும்படி கருவிகளை வடிவமைத்துக்கொண்டு, மணிக்கணக்கில் பயிற்சி செய்து, உடலின் மிக நுண்ணிய உறுப்பொன்றில் கத்தி வைக்கும் திறனைப் பெற்றார். பிற்காலத்தில் ஒரே நாளில் நூறு அறுவை சிகிச்சைகள் வரை செய்யும் வேகமும் துல்லியமும் அந்தக் கைகளுக்கு வாய்த்தன. வாழ்நாளில் அவர் செய்த கண் அறுவை சிகிச்சைகளின் எண்ணிக்கை ஒரு லட்சத்தைத் தாண்டும்.

இதில் மனவுறுதியின் கதை மட்டும் இல்லை. தன் உடலின் குறையைத் தெளிவாக அறிந்து, அதற்கேற்பக் கருவியையும் முறையையும் மாற்றிக்கொண்டவர் அவர். கையில் இருப்பதைக் கொண்டு என்ன செய்ய முடியும் என்று பார்க்கும் அந்தப் பழக்கமே, பின்னாளில் அவருடைய நிர்வாக முறையின் அடிப்படையாக ஆயிற்று.

அரசுப் பணியில் சேர்ந்த மூலதனம்

1956 முதல் 1976 வரை இருபது ஆண்டுகள் மதுரை மருத்துவக் கல்லூரியின் கண் மருத்துவத் துறைக்கு அவர் தலைமை வகித்தார். இப்போது இராஜாஜி மருத்துவமனை என்று வழங்கும் அன்றைய எர்ஸ்கின் மருத்துவமனையே அவருடைய களம். அரவிந்த் மருத்துவமனையின் கதையைத் தனியார் முயற்சியின் வெற்றியாக மட்டும் சொல்பவர்கள் இந்த இருபது ஆண்டுகளைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள்.

மருத்துவமனைக்கு வருபவர்களைக் காட்டிலும் வராதவர்களே அதிகம் என்பதை அவர் அரசுப் பணியில்தான் கண்டறிந்தார். 1960களில் கண் மருத்துவ முகாம்களைக் கிராமங்களுக்குக் கொண்டுசென்றார். பள்ளிக் கட்டடங்களிலும் சத்திரங்களிலும் முகாம்கள் நடந்தன. 1966இல் பார்வையற்றோருக்கான மறுவாழ்வு மையத்தையும், 1973இல் கண் மருத்துவ உதவியாளர்களுக்கான பயிற்சித் திட்டத்தையும் தொடங்கினார். அதே 1973இல் மத்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது.

பொருளாதாரப் பாடத்தில் மூலதனம் என்றால் பணம், கட்டடம், இயந்திரம் என்று பட்டியலிடுவோம். மருத்துவத்தில் இவற்றுக்கு முன்னால் வர வேண்டியது நம்பிக்கை. மருத்துவச் சேவை ஏன் மற்ற சந்தைப் பொருள்களைப் போன்றதன்று என்பதை விளக்கி, 1963இல் அமெரிக்கப் பொருளியலாளர் கென்னத் ஆரோ ஒரு புகழ்பெற்ற கட்டுரை எழுதினார். கத்தரிக்காய் வாங்குபவருக்கு அதன் தரம் தெரியும். சிகிச்சை பெறுபவருக்கோ, தனக்கு என்ன தேவை, கிடைத்தது தரமானதா என்பதை மதிப்பிடும் அறிவு இருப்பதில்லை. விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாத இந்த இடத்தில், நம்பிக்கைதான் சந்தையைத் தாங்கி நிற்கிறது.

இருபது ஆண்டு முகாம்களில் மதுரையைச் சுற்றியுள்ள கிராமங்களில் வெங்கடசாமி சேர்த்துவைத்தது இந்த மூலதனத்தைத்தான். பார்வை திரும்பிய ஒவ்வொருவரும் தன் ஊரில் ஒரு நடமாடும் சாட்சியானார். எந்த விளம்பரப் பலகையாலும் செய்ய இயலாத வேலையை அவர்கள் செய்தார்கள்.

ஐம்பத்தெட்டு வயதில் ஒரு தொடக்கம்

1976இல் அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்றபோது அவருக்கு வயது 58. திருமணம் செய்துகொள்ளவில்லை. தந்தை மறைந்தபின் தம்பி தங்கையரைப் படிக்கவைத்து ஆளாக்கும் பொறுப்பை அவரே சுமந்தார். ஓய்வூதியத்துடன் அமைதியாக இருந்திருக்கலாம். ஆனால் அதே ஆண்டு, மதுரை அண்ணா நகரில் பதினொரு படுக்கைகளுடன் ஒரு கண் மருத்துவமனையைத் தொடங்கினார். ஸ்ரீ அரவிந்தரிடமும் அன்னையிடமும் அவர் கொண்டிருந்த ஆழ்ந்த ஈடுபாட்டால் அதற்கு அரவிந்த் என்று பெயரிட்டார்.

முதலீட்டுக்குப் பெரும் கொடையாளர் எவரும் இல்லை. வீட்டை அடமானம் வைத்தார். குடும்பத்துப் பெண்களின் நகைகளும் அடகுக்குப் போயின. கண் மருத்துவர்களான தங்கை நாச்சியாரும் அவருடைய கணவர் நம்பெருமாள்சாமியும் அரசுப் பணியை விட்டுவந்து தோள்கொடுத்தார்கள். பொறியாளரான தம்பி சீனிவாசன் கட்டுமானத்தையும் கணக்கையும் பார்த்துக்கொண்டார். வெங்கடசாமி மருத்துவமனையிலிருந்து ஊதியம் பெறாமல், அரசு ஓய்வூதியத்திலேயே வாழ்ந்தார்.

பணம் கொடுப்பவர்களும் கொடுக்க இயலாதவர்களும் முதல் நாளிலிருந்தே அங்கே சிகிச்சை பெற்றார்கள். தனியார் மருத்துவமனை முதலில் லாபம் ஈட்டட்டும், மிஞ்சியதைப் பிறகு ஏழைகளுக்குத் தரலாம் என்பதுதான் வழக்கமான சிந்தனை. வெங்கடசாமியின் மருத்துவமனையில் இலவச சிகிச்சை, லாபத்தின் எச்சமாக இருக்கவில்லை, அடித்தளத்திலேயே சேர்ந்திருந்தது. 1980களில் மதுரையில் கட்டணப் பிரிவும் இலவசப் பிரிவும் நூற்றுக்கணக்கான படுக்கைகளுடன் அடுத்தடுத்து வளர்ந்தன. 1985இல் தேனியிலும் 1988இல் திருநெல்வேலியிலும் கிளைகள் உருவாயின. 1997இல் கோயம்புத்தூரும் 2003இல் புதுச்சேரியும் சேர்ந்தன. திண்டுக்கல்லில் அரவிந்த் மருத்துவமனை வந்தது, அவர் மறைவுக்குப் பின்னர்.

இலவச நோயாளி சுமையா?

பாதிக்கு மேற்பட்ட நோயாளிகளுக்கு இலவசமாகவோ மிகக் குறைந்த கட்டணத்திலோ சிகிச்சை அளிக்கும் ஒரு நிறுவனம், நன்கொடையை நம்பாமல் அன்றாடச் செலவுகளைச் சமாளித்து வளரவும் செய்தது எப்படி? இந்தக் கேள்விதான் மேலாண்மைப் பேராசிரியர்களை மதுரைக்கு அழைத்துவந்தது. 1993இல் ஹார்வர்டு வணிகப் பள்ளியின் பேராசிரியர் கஸ்தூரி ரங்கன் அரவிந்த் மருத்துவமனையைப் பற்றி எழுதிய ஆய்வுப் பாடம், இன்றும் உலகெங்கும் மேலாண்மை வகுப்புகளில் விவாதிக்கப்படுகிறது.

பணக்காரரிடம் கூடுதலாக வாங்கி ஏழைக்குக் கொடுத்தார் என்பது பலரும் சொல்லும் விடை. அது பாதி உண்மைதான். மீதிப் பாதி, செலவுக் கணக்கில் இருக்கிறது.

எளிய கற்பனைக் கணக்கு ஒன்றைப் பார்ப்போம். ஓர் அறுவை அரங்கின் கட்டட வாடகை, நுண்ணோக்கி, மருத்துவர், செவிலியர் ஊதியம் எல்லாம் சேர்ந்து நாளொன்றுக்கு 20,000 ரூபாய் ஆகிறது என்று கொள்வோம். நாளுக்கு நான்கு பேருக்குச் சிகிச்சை செய்தால் ஒருவர் தலையில் விழும் மாறாச் செலவு 5,000 ரூபாய். நாற்பது பேருக்குச் செய்தால் 500 ரூபாய். மருந்தும் லென்சும் மட்டுமே நோயாளிக்கு ஏற்பக் கூடும் மாறும் செலவு. இப்போது அந்த நாற்பது பேரில் பாதிப் பேர் பணம் தராதவர்கள் என்றாலும், மீதிப் பாதியிடம் வாங்கும் மிதமான கட்டணத்திலேயே எல்லாச் செலவும் அடங்கிவிடும். அந்தக் கட்டணமும் நான்கு பேருக்கு மட்டும் சிகிச்சை தரும் மருத்துவமனையின் கட்டணத்தைவிடக் குறைவாகவே இருக்கும்.

இலவச நோயாளிகளின் எண்ணிக்கைக்கு இதில் இன்னொரு பங்கும் உண்டு. நிறையக் கண்களைப் பார்க்கும் மருத்துவரின் கை தேர்கிறது, பிழை குறைகிறது. தரம் கூடுவதால் கட்டணம் செலுத்துவோர் தேடி வருகிறார்கள். மொத்தமாக வாங்குவதால் மருந்தின் விலை இறங்குகிறது. பயிற்சி மருத்துவர்களுக்கு அனுபவம் கிடைக்கிறது. அப்படிப் பார்த்தால் ஏழை நோயாளி அந்த நிறுவனத்தின் சுமையாக இல்லை. அதன் பொருளாதாரம் நின்ற தூண்களுள் ஒருவராக இருந்தார்.

இந்த எண்ணிக்கையைச் சாத்தியமாக்கியது அறுவை அரங்கின் ஒழுங்கு. ஒரு மருத்துவருக்கு இரண்டு மேசைகள். ஒன்றில் அறுவை நடக்கும்போது மற்றொன்றில் அடுத்த நோயாளி ஆயத்தமாக இருப்பார். முதல் அறுவை முடிந்ததும் மருத்துவர் நுண்ணோக்கியை மறுபுறம் திருப்பிக்கொள்வார். மருத்துவர் மட்டுமே செய்யக்கூடிய வேலையை மருத்துவர் செய்வார். பார்வைச் சோதனை, கண்ணழுத்தம் அளத்தல், நோயாளியை ஆயத்தப்படுத்துதல், ஆற்றுப்படுத்துதல் ஆகியவற்றைப் பயிற்சி பெற்ற உதவியாளர்கள் செய்வார்கள். கிராமங்களில் பள்ளிப் படிப்பை முடித்த இளம்பெண்களைத் தேர்ந்து, இரண்டாண்டு பயிற்சி கொடுத்து உருவாக்கிய படை அது. அமெரிக்காவின் மெக்டொனால்ட் உணவகங்களில் எந்த ஊரிலும் ஒரே தரத்தில் ஒரே பண்டம் கிடைப்பதைக் கண்டு வியந்தவர் வெங்கடசாமி. அந்த ஒழுங்கைக் கண் சிகிச்சைக்குக் கொண்டுவர முடியாதா என்று அவர் கேட்டபோது சிலர் சிரித்திருக்கக்கூடும். அரவிந்த் மருத்துவர்கள் ஆண்டுக்குச் செய்யும் அறுவைகளின் எண்ணிக்கை நாட்டின் சராசரியைப் போலப் பல மடங்கு என்று பதிவானபின், அந்தக் கேள்வி மேலாண்மைப் பாடமாகிவிட்டது.

யார் ஏழை என்று முடிவு செய்வதிலும் அவர் ஒரு நுட்பத்தைக் கையாண்டார். வருமானச் சான்று கேட்கும் வழக்கம் அங்கே இல்லை. எந்தப் பிரிவுக்குப் போவது என்பதை நோயாளியே தீர்மானிக்கலாம். இலவசப் பிரிவில் பாயும் பொது அறையும். கட்டணப் பிரிவில் கட்டிலும் தனியறையும், விரும்பினால் உயர்ரக லென்சும். மருத்துவர்கள் மட்டும் இரு பிரிவுகளிலும் முறைவைத்து மாறி மாறிப் பணியாற்றுவார்கள். வசதி உள்ளவர் தாமாகவே கட்டணப் பிரிவைத் தேடிப்போனார். தாசில்தார் அலுவலகத்தின் முத்திரை இல்லாமலே வருமானம் பிரிந்துகொண்டது. நலத்திட்டங்களில் தகுதியற்றோர் புகுந்துவிடுவார்கள் என்று கவலைப்படும் கொள்கை வகுப்பாளர்கள் சிந்திக்க வேண்டிய இடம் இது.

தேடிப்போதல் என்னும் உத்தி

இத்தனை ஒழுங்கும் ஒரு நிபந்தனைக்கு உட்பட்டது: நோயாளிகள் தொடர்ந்து வர வேண்டும். இங்குதான் நாம் தொடக்கத்தில் பார்த்த விவசாயியின் கணக்கு திரும்பவும் எழுகிறது.

தொடக்கக் காலத்தில் முகாமில் கண்ணைச் சோதித்து, புரை இருப்பவர்களை மருத்துவமனைக்கு வரச்சொல்லி அனுப்பினார்கள். பலர் வரவில்லை. அறியாமை என்று சொல்லி ஒதுக்கிவிடுவது எளிது. வெங்கடசாமியும் உடன் பணியாற்றியவர்களும் வராதவர்களின் வீடுகளுக்கே ஆள் அனுப்பிக் காரணத்தைக் கேட்டறிந்தார்கள். போக்குவரத்துச் செலவு, உணவு, துணைக்கு ஆளின்மை, அச்சம் ஆகியவையே விடைகளாக வந்தன. இந்தச் சமூக, பொருளாதாரத் தடைகளைப் பற்றி 1980களின் தொடக்கத்திலேயே ஆய்வுக் கட்டுரையும் வெளியாயிற்று.

அதற்கேற்ப முறை மாறியது. முகாமில் தேர்வானவர்களை அன்றே பேருந்தில் ஏற்றி மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார்கள். தங்குமிடமும் உணவும் கொடுத்து, அறுவை முடிந்தபின் ஊரிலேயே கொண்டுவந்து இறக்கினார்கள். ஒரே ஊர்க்காரர்கள் கூட்டமாகப் போனதால் துணைக்கு ஆள் தேவைப்படவில்லை. அச்சமும் பாதியாகக் குறைந்தது. முகாமை ஏற்று நடத்தும் பொறுப்பை அரிமா, ரோட்டரி சங்கங்களும் உள்ளூர்ப் பெரியவர்களும் வணிகர்களும் ஏற்றார்கள். ஊருக்குத் தெரிந்த மனிதர் ஒருவர் அழைக்கும்போது, அந்த அழைப்பில் அவருடைய நாணயமும் சேர்ந்தே வருகிறது. மருத்துவமனை தன் பெயரைத் தானே கூவி விற்கத் தேவையில்லாமல் போயிற்று.

இருந்தும் நிறுவனம் தன்னை ஏமாற்றிக்கொள்ளவில்லை. மதுரையைச் சுற்றியுள்ள கிராமங்களில் நடத்தி 1999இல் வெளியான ஓர் ஆய்வு, கண் சிகிச்சை தேவைப்படுவோரில் ஏறத்தாழ 7 விழுக்காட்டினரே முகாம்களுக்கு வந்திருப்பதாகக் காட்டியது. முகாம்களால் புகழ்பெற்ற ஒரு நிறுவனத்துக்கு இது கசப்பான எண். அதை மறைத்துவைக்காமல், முகாமுக்கும் அப்பால் என்ன செய்யலாம் என்று யோசித்தார்கள். அதன் விளைவாக உருவானவையே சிற்றூர்களில் நிரந்தரமாக இயங்கும் பார்வை மையங்கள். பயிற்சி பெற்ற உதவியாளர் அங்கே கண்ணைச் சோதிப்பார். நகர மருத்துவமனையில் உள்ள மருத்துவர் இணையவழியே நோயாளியுடன் பேசுவார். முதல் மையங்கள் வெங்கடசாமியின் இறுதி ஆண்டுகளில் தேனிப் பகுதியில் தொடங்கப்பட்டன.

லென்ஸ் விலையும் இப்படித்தான் இறங்கியது. 1990 வாக்கில் கண்ணுக்குள் பொருத்தும் செயற்கை லென்ஸ் மேலைநாடுகளில் வழக்கமாகிவிட்டது. இறக்குமதி விலையோ ஏழைகளுக்கு எட்டாதது. புரை நீக்கிய ஏழைக்குத் தடித்த கண்ணாடி, பணக்காரருக்கு லென்ஸ் என்ற நிலையை ஏற்க வெங்கடசாமி மறுத்தார். அமெரிக்காவின் சேவா அறக்கட்டளையின் துணையுடன், டேவிட் கிரீன் முன்னின்று உதவ, 1992இல் மதுரையில் ஆரோலேப் தொழிற்கூடம் தொடங்கியது. நூறு டாலர் அளவில் விற்ற லென்ஸ் பத்து டாலருக்கும் கீழே வந்தது. இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்கு அது ஏற்றுமதியாகிறது.

வியாபாரத்தில் வெற்றி பெற்றவர் தன் உத்தியைப் பூட்டிவைப்பார். வெங்கடசாமி அதைத் திறந்துவைத்தார். 1992இல் அரிமா சங்கங்களின் உதவியுடன் தொடங்கிய பயிற்சி நிறுவனம், இந்தியாவிலும் வெளிநாடுகளிலும் உள்ள நூற்றுக்கணக்கான கண் மருத்துவமனைகளுக்குத் தன் நிர்வாக முறையைக் கற்றுக்கொடுத்தது. கற்றுக்கொள்ள வருபவர் போட்டியாளர் ஆகிவிடுவாரே என்ற அச்சம் அவருக்கு இல்லை. அவர் கண்ணில் போட்டி என்பது இன்னொரு மருத்துவமனையுடன் அன்று. சிகிச்சைக்கு வராமலே போகும் மனிதர்களின் எண்ணிக்கையுடன்தான்.

பாடமும் அதன் எல்லையும்

இந்த முறையை அப்படியே எல்லா மருத்துவத்துக்கும் பெயர்த்து நட்டுவிடலாம் என்று சொல்வது நேர்மையாகாது. புரை அறுவை குறுகிய நேரத்தில் முடிவது. பெரும்பாலோருக்கு ஒரே மாதிரியானது. ஒரு முறை செய்தால் பலன் நிற்பது. சிறுநீரகக் கோளாறும் புற்றுநோயும் அப்படிப்பட்டவை அல்ல. குடும்பம் முழுவதும் ஒரே தொழிலில் இறங்கித் துணைநிற்கும் வாய்ப்பும் எல்லாருக்கும் அமையாது. சந்தையைவிடக் குறைந்த ஊதியத்துக்கு உழைக்க முன்வந்த மருத்துவர்களும், கடும் வேலைச் சுமையை ஏற்ற கிராமத்துப் பெண்களும் இல்லாமல் இந்தக் கணக்கு நேராகியிருக்காது. அவர்களுடைய பங்கைச் சேர்க்காமல் எழுதப்படும் எந்தப் புகழுரையும் முழுமையானதன்று. பார்வையிழப்புத் தடுப்புக்கான தேசியத் திட்டம் 1976இல் தொடங்கியதும், முகாம் அறுவைகளுக்கு அரசின் மானியம் கிடைத்ததும் துணைநின்றவையே.

ஆயினும், பெயர்த்து நடக்கூடிய ஒன்று இருக்கிறது. இன்று பழனியிலோ ஒட்டன்சத்திரத்திலோ ஓர் இளம் மருத்துவர் மருத்துவமனை தொடங்குகிறார் என்று எண்ணிப்பாருங்கள். படிப்புக்கு வாங்கிய கடன் ஒருபுறம், கட்டடத்துக்கும் ஸ்கேன் கருவிக்கும் வாங்கிய கடன் மறுபுறம். படுக்கைகள் நிரம்ப வேண்டும். நோயாளியை அனுப்புபவருக்குக் கமிஷன் கொடுங்கள், பெரிய பலகைகள் வையுங்கள், ஒவ்வொரு நோயாளியிடமிருந்தும் வருமானத்தைக் கூட்டுங்கள் என்று அறிவுரைகள் வருகின்றன. நோயாளியைத் தேடி விளம்பரம் செய்வதையும், பரிந்துரைக்குக் கமிஷன் தருவதையும் இந்திய மருத்துவக் கழகத்தின் 2002ஆம் ஆண்டு நன்னடத்தை விதிகள் தடைசெய்கின்றன. நடைமுறை எப்படி இருக்கிறது என்பதை வாசகர்கள் அறிவார்கள். கொடுத்த கமிஷனை நோயாளியிடமிருந்தே மீட்க வேண்டியிருக்கிறது. தேவையற்ற சோதனைகள் அங்கிருந்து தொடங்குகின்றன. ஊரின் நம்பிக்கை மெல்ல மெல்லக் கரைகிறது. மருத்துவமனைகளின் வாசலில் நடக்கும் கைகலப்புகளில் அந்தக் கரைசலின் முடிவைப் பார்க்கிறோம்.

அந்த இளம் மருத்துவரிடம் வெங்கடசாமியின் வாழ்க்கை வேறொரு கேள்வியை வைக்கிறது. இருக்கிற நோயாளிகளைப் பக்கத்துத் தெரு மருத்துவரிடமிருந்து எப்படிப் பறிப்பது என்று யோசிப்பதற்கு முன், எந்த மருத்துவரிடமும் போகாமல் வீட்டிலேயே முடங்கிக் கிடப்பவர்கள் யார், அவர்கள் ஏன் வரவில்லை என்று கேட்டுப் பார்க்கலாம். நீரிழிவு இருப்பது தெரியாமலே விழித்திரையை இழந்துகொண்டிருப்பவர்கள் உண்டு. இரத்த அழுத்த மாத்திரையை இரண்டாம் மாதமே நிறுத்திவிட்டவர்கள் உண்டு. அவர்கள் வராததற்குக் காரணம் கட்டணமாக இருக்கலாம். கடைசிப் பேருந்தின் நேரமாகவும், ஒரு நாள் கூலியாகவும், முன்பொருமுறை பட்ட அவமதிப்பாகவும் இருக்கலாம். காரணத்தை அறிந்து, அதை நீக்கும் வகையில் மருத்துவமனையின் நேரத்தையும் கட்டணத்தையும் நடைமுறையையும் அமைத்தால், அதுவே விளம்பரம், அதுவே நிர்வாகம். அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் இது பொருந்தும். கண் முகாம் என்னும் முறை மதுரையில் வேர்விட்டது ஓர் அரசு மருத்துவரின் கையால் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

வெங்கடசாமி 2006 ஜூலை 7 அன்று, 87ஆம் வயதில் மதுரையில் காலமானார். அவருக்குப்பின் அந்த நிறுவனம் நின்றுவிடவில்லை. 2008இல் கேட்ஸ் அறக்கட்டளையின் உலக சுகாதார விருதும், 2010இல் ஹில்டன் மனிதநேயப் பரிசும் அதைத் தேடிவந்தன. நிறுவனர் மறைந்தபின்னும் தழைப்பது, தனிமனிதரின் கவர்ச்சியை நம்பாமல் முறையை நம்பிக் கட்டப்பட்ட நிறுவனத்துக்கு மட்டுமே வாய்க்கும்.

தொப்பம்பட்டியிலிருந்து மதுரை நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. பார்வை மங்கிய ஒரு முதியவருக்கு அது கடக்க இயலாத தூரம். அந்தத் தூரத்தை அவர்தான் கடந்துவர வேண்டும் என்று காத்திருந்த மருத்துவமனைகள் பல. வெங்கடசாமி அந்தத் தூரத்தின் செலவைத் தன் மருத்துவமனையின் கணக்கில் எழுதிக்கொண்டார்; அப்படி எழுதியும் கணக்கு நட்டத்தில் முடியவில்லை என்பதையும் காட்டிவிட்டுப் போனார்.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு)